காண்டலும் ஈதலும்: தாராவி நடைச்சுற்றுலா

ஏழைகள் வாழும் தெருக்களை வசதியுடையோர் சென்று பார்த்துவரும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. மும்பை மாநகரின் தாராவியில் நடைபெறும் நடைச்சுற்றுலாக்களையும், அவற்றின் ஆதாயம் அவ்விடத்துப் பிள்ளைகளின் கல்விக்குச் செல்வதையும் ஆராயப் புகுவோர், முதற்கண் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனை நோக்குதல் வேண்டும்.

1883இல் அன்ட்ரூ மேர்ன்ஸ் என்னும் கிறித்தவக் குரு, இலண்டன் சேரிகளின் அவலத்தை விளக்கிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அது கற்றோர் உள்ளத்தை உலுக்கிற்று. அடுத்த ஆண்டிலேயே வைற்சப்பல் பகுதியில் தொயின்பி மண்டபம் நிறுவப்பெற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அங்கே தங்கி, வறியோரிடையே தொண்டாற்றினர். ஆயின், தொண்டர் நடந்த அதே பாதையில் வேடிக்கை பார்ப்போரும் நடந்தனர். சேரி பார்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்று அக்காலத்தில் வழக்கில் வந்தமையே இதற்குச் சான்றாகும். 1884இல் அவ்வழக்கம் நியூயோர்க் நகருக்கும் பரவியதென அந்நகர நாளிதழ் ஒன்று எழுதிற்று. பின்னர் அங்குள்ள சீனர் தெருவில், கூலிக்கு ஆள் அமர்த்திப் போலி அபின் விடுதிகளை நடத்திக் காட்டிய வழிகாட்டிகளும் இருந்தனர். காசு கொடுத்தவன் எதைக் காண விரும்பினானோ அதுவே அவனுக்குச் சமைத்துக் கொடுக்கப்பட்டது.

இத்தகைய சுற்றுலா 1990களில் பிரேசில் நாட்டு ரியோ நகரின் மலைச்சேரிகளில் மீண்டும் தலையெடுத்தது. அங்கே அதனைக் கண்ட ஆங்கிலேயர் ஒருவர், இந்தியர் ஒருவருடன் கூடி 2005இல் மும்பையில் 'ரியாலிட்டி டூர்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் தெரிந்துகொண்ட இடமே தாராவி.

தாராவி முன்னர் மாகிம் கழியோரத்தில் அமைந்த கோலி மீனவர் குப்பம். கழி தூர்ந்து மண் மேடிட, அவர்தம் தொழில் நலிந்தது. மாநகர் வளருந்தோறும், அது தன்னிடத்தே வைத்திருக்க விரும்பாத தொழில்களெல்லாம் இவ்வோரத்துக்குத் தள்ளப்பட்டன. தோல் பதனிடுதல் அவற்றுள் ஒன்று. 1887இல் முதலாவது தோற்சாலை இங்கு வந்ததெனக் கூறுவர். சௌராட்டிரக் குயவர் கும்பார்வாடாவில் குடியேறினர். தோல் தொழிலை நாடித் தமிழகத்து முஸ்லிம்களும் திருநெல்வேலிச் சீமை மக்களும் வந்தனர். தமிழர் வணங்கும் விநாயகர் ஆலயம் 1913இல் எழுந்தது. தாராவியின் வரலாற்றை எழுதுவோன் தமிழரை விடுத்து எழுதுதல் இயலாது. இரண்டு சதுரக் கிலோமீற்றரைச் சிறிதே விஞ்சிய நிலத்தில், பத்து இலட்சம் மக்கள் வரை வாழ்வதாகச் சிலர் மதிப்பிடுவர்.

சுற்றுலாவுக்கு வருவோர் சிறு குழுவினராய், அவ்விடத்து இளைஞர் வழிகாட்ட, கால்நடையாகச் செல்வர். அவர்களுக்குக் காட்டப்படுவது வறுமையன்று, தொழிலே. கழிவுப் பிளாத்திக்கைத் தரம்பிரித்து உடைத்து உருக்கும் பட்டறைகள், பழைய தகரப் பேணிகளைத் தீயிலிட்டுப் புதுக்கும் கொட்டில்கள், கவிழ்த்த கூடைகளின்மேல் பெண்கள் அப்பளம் உலர்த்தும் முற்றங்கள், குயவரின் சூளைகள் ஆகியன அவர்தம் பாதையில் வரும். பிறர் எறிந்தவற்றைக் கொண்டு பிழைக்கும் ஊரைச் சோம்பரின் உறைவிடமென எண்ணி வந்தவர்க்கு, அவ்வெண்ணம் மாறாதிருத்தல் அரிது.

ஆதாயத்தில் 80 வீதம் சமூகப் பணிக்கென ஒதுக்கப்படுகிறது. அதனைச் செலவிட 2009இல் தனியே ஓர் அறநிறுவனம் அமைக்கப்பெற்றது. சிறார் பள்ளி, இளைஞர்க்கு ஆங்கில வகுப்பு, பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி என்பன அப்பணத்தால் நடந்தன. ஈண்டு ஒன்று கூறுதல் தகும். ஆதாயத்தில் 80 வீதம் என்பது கட்டணத்தில் 80 வீதமன்று. செலவு போக எஞ்சியதில்தான் அறத்தின் பங்கு உண்டு. ஆதலின் அறப்பெயர் தாங்கும் எந்த நிறுவனமும் கணக்கைத் திறந்து வைத்தல் கடனாகும்.

ஆயினும் கணக்கினும் பெரிய கேள்வி வேறொன்று. கென்யா நாட்டுத் தலைநகராகிய நைரோபியின் கிபேராச் சேரியில் வளர்ந்து, பின்னர் அங்கே பள்ளி நிறுவிய கென்னடி ஒடேடே என்பார், 2010இல் எழுதிய கட்டுரையொன்றில் தம் பதினாறாம் அகவையை நினைவுகூர்ந்தார். குடிசை வாயிலில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சுற்றுலாவில் வந்த பெண்மணி ஒருவர் அவரைப் படம்பிடித்துக்கொண்டு அகன்றார். கேட்கவில்லை, பேசவுமில்லை. கூட்டிற் கிடக்கும் விலங்கென அவர் தம்மை உணர்ந்தாராம். எத்தனை பள்ளிகளுக்குப் பொருள் கொடுப்பினும் அக்கணத்தின் இழிவை ஈடுசெய்தல் கூடுமோ? தாராவிச் சுற்றுலாவில் தொடக்கம் முதலே படம்பிடித்தல் தடுக்கப்பட்டமை, 80 வீத ஒதுக்கீட்டினும் மேலான ஏற்பாடென்றே கொள்ளத்தகும். ஒதுக்கீடு பின்னர்ச் சென்று சேர்வது. தடையோ வாயிலில் நிற்பவனை அப்பொழுதே காப்பது. குடியிருப்போர் இதனை மனமுவந்து ஏற்றனரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பட்டறைக்காரர் சிலர்க்கு இது பெருமை; வேறு சிலர்க்கு வழியடைக்கும் தொல்லை.

இதற்கிடையே அந்நடைபாதையே மாறும் காலம் அணுகியுள்ளது. தாராவியைப் புதுப்பித்தற்கான கேள்விப்பத்திரத்தில் 2022 நவம்பரில் அதானி நிறுவனம் முதலிடம் பெற்றது. 2023 சூலையில் மகாராட்டிர அரசு அப்பணியை அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2000ஆம் ஆண்டு தொடங்குமுன் நிலத்தளத்திற் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்படும் என்றும், ஏனையோர்க்கு வேறிடத்தில் வீடு என்றும் அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடியில் வீடு அமையலாம், சூளை அமையாது. கும்பார்வாடாக் குயவர் கேட்பது, மண் பிசையவும் பாண்டம் உலர்த்தவும் தரையோடு தரையான முற்றத்தையே.