முழமும் கோலும் பரப்பும்: நீள அளவையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

அளவைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வாய்பாடுகளைத் தொகுத்துத் தருவதோடு அமைந்துவிடுகின்றனர். பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு பாகம் என்னும் அடுக்கு பழைய கணக்கு நூல்களில் ஒழுங்காகக் காணப்படுகின்றது. ஆயின், மக்கள் இவ்வளவைகளை எவ்வாறு பயின்றனர், எவ்விடத்து நம்பினர், எவ்விடத்து ஐயுற்றனர் என்னும் வினாக்கள் வாய்பாட்டினுள் அடங்குவனவல்ல. ஓர் அளவையை ஏற்றுக்கொள்வதென்பது இருவர் தம்முள் உடன்படுவதாகும். அவ்வுடன்பாட்டின் வரலாற்றை, சிறப்பாக யாழ்ப்பாணத்துக் காணி வழக்கினை மனத்திற்கொண்டு, இங்கு நோக்குவோம்.

உடலே மனிதனின் முதல் அளவுகோல் என்பது யாவரும் அறிந்தது. அதன் தனித்தன்மை போதிய அளவு உணரப்படவில்லை. 'எண்சாண் உடம்பு' என்ற வழக்கினை எடுத்துக்கொள்வோம். ஒருவரது உயரம் அவரவர் கைச்சாணால் ஏறத்தாழ எட்டாகும். இரு கைகளையும் விரித்த நீளமாகிய பாகமும் அவ்வுயரத்தை ஒத்தது. நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் இவ்விகிதம் பெரிதும் வேறுபடுவதில்லை. ஆகவே ஒருவர் தமக்கெனச் செய்துகொள்ளும் பொருளுக்குத் தம் சாணைவிடச் சிறந்த அளவை இல்லை. படுக்கும் கட்டிலும், பிடிக்கும் மண்வெட்டியின் பிடியும், இறைக்கும் துலாவின் கயிறும் அவரவர் உடலுக்கு இயைந்தனவாக அமைந்தன. அதே கயிற்றை ஒருவர் விற்க மற்றொருவர் வாங்கும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. ஆறடி உயரமுள்ளவர் பாகம் போட்டு அளந்த பத்துப் பாகம் அறுபது அடி. ஐந்தடி நாலங்குலமுள்ளவர் அளந்தால் அது ஐம்பத்துமூன்றடி நாலங்குலம். வேறுபாடு ஓர் ஆள் உயரத்திலும் மிகுதி. பூமாலை வாங்குவோர் விற்பவரின் முழங்கையைக் கூர்ந்து நோக்குவதன் காரணமும் இதுவே.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், சிங்கள மக்களின் முழத்தையும் தச்சர் முழத்தையும் வேறுபடுத்திக் குறிப்பிடுகின்றார். முன்னையது முழங்கையெலும்பிலிருந்து விரல் நுனிவரையுள்ள நீளம். பின்னையது தொழிலாளரின் கோல். இவ்வேறுபாடு கருதத்தக்கது. பலர் கூடிச் செய்யும் தொழிலில் ஒருவன் அறுத்த மரத்தை இன்னொருவன் பொருத்தவேண்டியிருத்தலால், உடலிலிருந்து அளவு பிரிந்து கோலிலே தங்குவது இன்றியமையாததாயிற்று.

தூரத்தை மதிப்பிடுதல் வேறு வகையது. கல்லெறி தூரம், கூப்பிடு தூரம், நாழிகை வழி, காதம் என்பவற்றை இக்கால நோக்கில் துல்லியமற்றனவென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு தேவைக்கு விடையளிப்பன. ஆபத்து நேர்ந்தால் அயலார் குரல் கேட்டு வருவரா என்பதைக் கூப்பிடு தூரம் கூறுகின்றது. இத்தனை முந்நூறு யார் என்று கூறுவது அதனைக் கூறாது. சிங்கள வழக்கிலுள்ள 'ஹூவ' என்பதும் கூவும் குரலைக் கொண்டமைந்த அளவே. நாழிகை வழி என்பது இருபத்துநான்கு நிமிட நேரத்தில் நடக்கக்கூடிய தொலைவு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மைல். பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேரலாமா என்று எண்ணும் நடைப்பயணிக்கு அதனினும் பயனுள்ள அலகு வேறில்லை. முழங்காலளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று நீரின் ஆழத்தைச் சொல்வதும் அத்தகையதே. களப்பைக் கடக்கலாமா என்ற வினாவுக்கு விடை அச்சொல்லிலேயே உள்ளது.

இம்மதிப்பீடு இயல்பாக வந்த ஆற்றலன்று, பயின்று பெற்றதாகும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனனம் செய்விக்கப்பட்டது. அதிலுள்ள பெருங்குழி வாய்பாடு ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கிவரும் தொகைகளைத் தருவது. இன்று வர்க்கம் எனக் கற்பிக்கப்படுவதை அன்றைய சிறுவன் நிலத்தின் பெயராலேயே கற்றான். காரிநாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காண அரைச்சுற்றளவை அரைவிட்டத்தால் பெருக்கும்படி கூறுகின்றது. பலாப்பழத்தைப் பிளவாமலே சுளைகளை மதிப்பிடவும் அந்நூல் ஒரு வழி சொல்கின்றது என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் சுவையானது. ஏட்டுக்கு வெளியே நிகழ்ந்த பயிற்சி இன்னும் விரிந்தது. ஆழங்குறைந்த பாக்கு நீரிணையில் தொழில் செய்வோருக்கு ஒரு பாகம் கூடுவதும் குறைவதும் வலைக்கும் வள்ளத்துக்கும் முக்கியமானது. கரையிலுள்ள இரு பனைகளோ, ஒரு பனையும் கோபுரமுமோ ஒரே நேரில் தெரியும் இடத்தைக் கண்ணால் பிடித்து அவர்கள் கடலில் இடம் குறித்தனர். கூரை வேய்வோரும் கிணறு வெட்டுவோரும் பார்த்த மாத்திரத்தில் ஓலையும் கல்லும் இத்தனை வேண்டுமென மதித்தனர். மதிப்புத் தவறினால் நட்டம் அவர்களையே சார்ந்தமையால் கண் கூர்மையடைந்தது.

எனினும், கண்மதிப்பையும் கைமுழத்தையும் போற்றிப் பாடுவதோடு நாம் நின்றுவிடுதல் தகாது. நிலமும் வரியும் குறுக்கிடும் இடத்தில், யாருடைய முழம் என்ற வினா யாருடைய அதிகாரம் என்ற வினாவாக மாறிவிடுகின்றது. தமிழகத்துச் சோழர் சாசனங்கள் இதற்குச் சிறந்த சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் கி.பி. 1001 அளவிலும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086 அளவிலும் நிலம் அளக்கப்பட்டது. அளவைப் பணியை நடத்திய அதிகாரி 'உலகளந்தான்' என்ற பட்டம் பெற்றான். மூவுலகளந்த திருமாலின் பெயர் நிலவரி அதிகாரிக்குச் சூட்டப்பட்டமை தற்செயலானதெனத் தோன்றவில்லை. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனக் கோல்கள் இடத்துக்கிடம் வேறுபட்டன. கோல் நீண்டால் அதே வயல் குறைந்த தொகையாகவும், குறுகினால் மிகுந்த தொகையாகவும் கணக்கில் ஏறும். ஆதலின், சில கோயிற் சுவர்களில் கோலின் நீளம் இரு குறிகளுக்கிடையே கல்லிற் பொறிக்கப்பட்டது. அளக்க வந்தவன் கொணர்ந்த கோலைக் குடியானவன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஊர்ப்பொதுவில் ஓர் இடம் இருந்தது என்பது இதன் பொருள். பிரெஞ்சுப் புரட்சியின் வாயிலில், 1789இல் எழுதப்பட்ட குறைமுறைப்பாட்டு ஏடுகள் பலவற்றில் அளவைகள் ஒரே சீராதல் வேண்டுமென்ற கோரிக்கை இடம்பெற்றது. பிரபுக்களின் அளவைகளால் வஞ்சிக்கப்பட்டோரின் குரலும் மீற்றர் முறையின் பிறப்பில் உண்டு.

யாழ்ப்பாணத்துக் காணி அளவைக்கு வருவோம். இங்கு பரப்பு அல்லது இலாச்சம் என்பதே அலகு. அது விதைப்பினடியாகப் பிறந்தது என்பதை உறுதிகளே காட்டுகின்றன: ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உறுதிகளில் வரகுப் பரப்பென்றும் நெற்பரப்பென்றும் இரு வகை காணப்படும். வரகுப் பரப்பு ஒன்றுக்குக் குழி பதினெட்டு. நெற்பரப்பு ஒன்றுக்குக் குழி பன்னிரண்டு. அதனால் முன்னையது பதினாறும் பின்னையது இருபத்துநான்கும் ஓர் ஏக்கருக்குச் சமமாகின்றன. வரகு விளைந்த மேட்டுநிலங்கள் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளையும் தோட்டங்களாகவும், கல்வீடுகள் எழும்பிய குடியிருப்புகளாகவும் மாறிய பின்னரும் வரகு உறுதிகளில் நிலைத்துவிட்டது. பயிர் மறைந்து அளவு எஞ்சியமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

இவ்வளவு சிறிய அலகுகள் ஏன் வேண்டியிருந்தன? நிலம் சிறிது, சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைதோறும் துண்டுபட்டது, கிணற்றுக்கும் வழிவாய்க்காலுக்கும்கூடப் பங்கு எழுதப்பட்டது. ஒரு பரப்புக் காணியைச் சதுரமாகக் கொண்டால் அதன் பக்கம் சற்றேறக்குறைய ஐம்பத்திரண்டு அடி. ஒரு பக்கத்து வேலியைப் புதிதாக அடைக்கும்போது கதியால்களை ஒரு சாண் அப்பால் நட்டுவிட்டால், அயலார் இழப்பது ஏறத்தாழ முப்பத்தொன்பது சதுர அடி, அதாவது காற்குழி. நான்கு முறை இவ்வாறு நடந்தால் ஒரு குழி போய்விடும். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளை வெறும் பிடிவாதமென்று நகைப்போர் இக்கணக்கினைப் போட்டுப் பார்ப்பது நன்று. ஒரு சாண் என்பது அங்கே சொல்லளவில் நின்றதொன்றன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1800ஆம் ஆண்டு நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. ஒல்லாந்தரின் தோம்புகள் காணிகளை ஏட்டில் ஏற்றியிருந்தன. ஆங்கிலேயரின் சங்கிலி அவற்றைப் படத்தில் ஏற்றியது. அறுபத்தாறு அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட அச்சங்கிலியால் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சங்கிலி ஆளுக்கு ஆள் நீளுவதில்லை. கோலைக் குறுக்கும் உடையார்க்கும் மணியகாரர்க்கும் அது இணங்குவதில்லை. இவ்வகையில் எளியோர்க்கு அது ஒரு காவலே. ஆனால் படத்தை வாசிக்கவும் சங்கிலியைச் சரிபார்க்கவும் ஊரவரிற் பலருக்கு இயலவில்லை. கோயிற் சுவரிற் பொறித்த கோலை எவரும் தொட்டு அளக்கலாம். திணைக்களத்தின் படம் அலுவலகத்திற் கிடந்தது. எல்லைத் தகராறு வேலியடியிலிருந்து நீதிமன்றத்துக்கு இடம்பெயர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென்பது என் கருத்து.

வீதிகளில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. தூரக்கல் இந்நாட்டுக்குப் புதியதன்று. பொலனறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் (1187–1196) காவதக் கற்களை நாட்டுவித்தான். ஆயினும், ஆங்கிலேயர் வீதியோரத்தில் நட்ட மைற்கட்டை மக்களின் நாவில் மைலுக்கே பெயராகிவிட்டது. 'இரண்டு கட்டை தூரம்' என்றனர். ஊர்ப்பெயர் இல்லாத இடங்களும் கட்டையின் எண்ணால் பெயர் பெற்றன. எவரும் கண்டு எண்ணக்கூடியதாய் இருந்தமையால் இவ்வளவை எதிர்ப்பின்றிப் பரவிற்று. 1970களில் மெற்றிக் முறை வந்து, கிலோமீற்றர்க் கற்கள் நடப்பட்ட பின்னரும் முதியோர் வாயில் கட்டை நெடுங்காலம் வழங்கியது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவை அலகுகளை வரையறுத்துள்ளது. துணி மீற்றரில் விற்கப்படுகின்றது. காணி மட்டும் வடக்கில் பரப்பிலும், தெற்கில் பேர்ச்சிலும் விலை பேசப்படுகின்றது. பரப்பொன்று பத்துப் பேர்ச் என்பதால் மாற்றிக்கொள்வது எளிது. நில அளவைப் படத்திலோ அது 0.0253 ஹெக்டேயர்.

இவ்வெண்களுக்கு அண்மைக்காலத்தில் நேர்ந்த சோதனை ஒன்றுண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள், 2009இல் போர் முடிந்த பின்னர் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, பல இடங்களில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, பற்றை மண்டிக்கிடந்தது. கிணறு எஞ்சியிருந்தால் அதுவே முதற் சான்று. கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கு வேலி எத்தனை பாகம், தலைவாசல் எவ்விடம் என்று நின்று மதித்துக் காட்டக்கூடியோரிற் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். உறுதியை வைத்திருந்தோர் அதனை விரித்துப் பார்த்தனர். பரப்பும் குழியும் அதில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டிருந்தன. எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தவை நான்கு திசையிலும் இருந்த அயற்காணிக்காரரின் பெயர்கள். அவர்களிற் சிலர் இன்னும் திரும்பவில்லை.