செத்த காலேஜும் உசுர் காலேஜும்

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வருவது என் வழக்கம். சாமான் வாங்குவதற்கு அல்ல, வேடிக்கை பார்ப்பதற்கு. ஓடாத கடியாரம், மூடியில்லாத கூஜா, யார் வீட்டுத் தாத்தாவோ கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ என்று எல்லாம் அங்கே தரையில் கிடக்கும். அவற்றைச் சுற்றி ஜனங்கள் குனிந்து நின்று பேரம் பேசுவார்கள். பேரத்துக்கு நடுவே ஊர்க் கதையும் பேசுவார்கள்.

ஒரு நாள் பழைய பித்தளைச் சாமான் விற்கும் பெரியவரிடம், "இந்த ஊரிலே ஒரு கல் கிடைத்ததே, தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மிக் கல்லுங்களா?"

"இல்லை. ஆதி மனுஷன் கையாலே கொத்தின கோடரிக் கல். பல லட்சம் வருஷத்துக் கல்."

"அடேயப்பா! இப்ப எங்க சார் இருக்குது?"

"அந்த மாதிரிக் கல்லெல்லாம் எழும்பூர் மியூசியத்திலே இருக்கிறது."

"அங்க வச்சிருந்தா அது எழும்பூர் கல்லுதானே சார்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கிராக்கியைக் கவனிக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் சாமான்யமானதல்ல. 1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற இருபத்தெட்டு வயது வெள்ளைக்காரர், ஜியலாஜிகல் சர்வே உத்தியோகஸ்தர், பல்லாவரம் பட்டாளத்து மைதானத்தில் சரளை வெட்டிய குழி ஒன்றில் அந்தக் கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவிலும் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அதே வருஷம் செப்டம்பரில், திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இந்த ரகக் கற்கள் இன்னும் கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். இத்தனைக்கும் ஆரம்பம் நம் பல்லாவரம். அங்கே இதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

பூட் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்களை 1904இல் எழும்பூர் மியூசியம் விலைக்கு வாங்கிக்கொண்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கியிராவிட்டால் அவை எந்தச் சீமைக்குப் போயிருக்குமோ! ஆனால் பெரியவர் கேட்டது வேறு கேள்வி. பொருள் பத்திரமாக இருந்தால் மட்டும் போதுமா? அதற்குச் சொந்தக்காரர்கள் அதைச் சுற்றிக் கூட வேண்டாமா?

இந்தக் கேள்வி அந்த மியூசியத்தின் முதல் அதிகாரிக்கே தோன்றியிருக்கிறது. 1851இல் நுங்கம்பாக்கத்துக் காலேஜ் கட்டடத்தில் அதை ஆரம்பித்தவர் எட்வர்ட் பால்பர் என்ற ராணுவ டாக்டர். ஆரம்பத்தில் இருந்தவை பெரும்பாலும் பாறைத் துண்டுகள்தாம். கண்ணாடிக்குள் இருக்கும் கல்லைவிட உயிருள்ள மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனம் திரளும் என்று அவர் கண்டுகொண்டார். ஆர்க்காட்டு நவாபிடம் கேட்டு அவருடைய மிருகங்களை வாங்கி, 1855இல் எழும்பூர் மியூசியத் தோட்டத்திலேயே மிருகக்காட்சி சாலை வைத்துவிட்டார். அடுத்த வருஷமே 300க்கு மேற்பட்ட பிராணிகள்! புலியைப் பார்க்க வந்தவன் கல்லையும் பார்த்துவிட்டுப் போனான்.

பட்டணத்து ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். மியூசியம் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உசுர் காலேஜ். பண்டிதர் யாரும் இவ்வளவு கச்சிதமாகப் பெயர் வைத்திருக்க முடியாது. காலேஜ் வாசலையே மிதிக்காதவர்களும் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்று மூட்டையோடு இரண்டு காலேஜுக்கும் போய் வந்தார்கள்.

விசித்திரத்தைப் பாருங்கள். பூட் கல்லை எடுத்த அதே 1863இல்தான் மிருகங்கள் மியூசியத்தை விட்டுப் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. பிறகு இடம் போதாமல், 1985இல் தாம்பரம் தாண்டி வண்டலூருக்கு வந்து சேர்ந்தன. ஆக, எங்கள் பக்கத்துக் கல் எழும்பூருக்குப் போயிற்று. எழும்பூரின் உசுர் காலேஜ் எங்கள் பக்கத்துக்கு வந்தது. இன்றும் காணும் பொங்கலன்று வண்டலூரில் தலைகள்தான் தெரியும். கூட்டத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

பழையது என்றால் ஜனம் வராது என்று சொல்பவர்கள் பல்லாவரம் குன்றுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை அங்கே இருக்கிறது. அவனுடைய பட்டப் பெயர்கள் கல்லிலே வெட்டியிருக்கின்றன. இப்போது அது தர்கா. ஜனங்கள் வருகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த இடத்தை நம்முடையது என்கிறார்கள். செத்துப் போகாமல் ஓர் இடத்தைக் காப்பது அந்தச் சொல்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிய மாளிகை அல்ல. சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை போதும். எழும்பூரிலிருந்து இரவலாக இரண்டு கல். அதுவும் முடியாதென்றால் அச்சாக வார்த்த நகல். குழந்தைகள் தொட்டுப் பார்க்கட்டும். உட்கார நாலு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர். வெள்ளிக்கிழமை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய போட்டோவையும் பத்திரத்தையும் ஜனங்களே கொண்டு வருவார்கள். கதையும் கூடவே வரும்.

போன வாரம் அந்தப் பெரியவர் என்னைக் கண்டதும், "சார், நம்ம கல்லு எப்ப ஊருக்கு வருது?" என்று கேட்டார்.

'எழும்பூர் கல்லு' எப்போது 'நம்ம கல்லு' ஆயிற்று என்று தெரியவில்லை. பதில் சொல்லத் தெரியாமல், மூடியில்லாத கூஜா ஒன்றை விலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.