கடை வாசலில் படுத்திருந்த நாய்

இந்த முறை வரவு செலவு, டெபிட் கிரெடிட் எதுவும் இல்லை. நாயைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் மதுரையில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் சின்னத் தகராறு. ஒரு தம்பதி பக் நாய் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்கள். செக்யூரிட்டி விடவில்லை. "இது எங்க பிள்ளை மாதிரி சார்" என்று அவர்கள் கோபப்பட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு காலத்துல மனுசனையே உள்ள விடல. இப்ப நாய்க்குச் சண்டை!" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் கடைக்குள் வரலாமா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். நம் பழைய மளிகைக் கடைகளில் "உள்ளே" என்று ஒன்று கிடையாது. கீழமாசி வீதியின் பழைய பலசரக்குக் கடைகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் சாக்குகள், நடுவில் தராசு, பக்கத்தில் கல்லா. நாம் தெருவில் நின்று கேட்போம், கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவார். வாடிக்கையாளரே உள்ளே போகாதபோது நாய் போகலாமா என்ற கேள்வி எப்படி வரும்?

நாய்க்கு அங்கே ஓர் இடம் இருந்தது. அது வாசற்படி. பகலில் தூக்கம், ராத்திரி காவல். நாயின் காவலை நம் ஆட்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒரு கல்லே சாட்சி. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அதே தமிழில்தான் "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்" என்ற பழமொழியும் இருக்கிறது. வாசலில் இருந்தால் மரியாதை, நடுவீட்டுக்கு வந்தால் கேலி!

சரி, வாசலுக்கு வெளியே நின்ற மனிதர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நின்றார்களா? இல்லை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் தாத்தா மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அன்று இரவு அப்பாவிடம் அந்தப் பெரியவர் சொன்னதைச் சொல்லி, "தாத்தா கடையில் எப்படி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். ஊர்க்காரர்கள் பலகை வரை வந்து கையை நீட்டி வாங்குவார்களாம். காலனி ஆட்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டுமாம். காசைக் கையில் வாங்க மாட்டார்கள், படியில் வைக்க வேண்டும். "மணி அந்தப் படியிலதான்டா படுத்திருக்கும்" என்றார் அப்பா. மணி என்பது தாத்தா வளர்த்த நாய்.

அதாவது கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது நாய். தூரத்தில் நின்றது மனிதன்.

இது எங்கள் தாத்தா கடைக் கதை மட்டும் இல்லை. 1927 மார்ச் 20-ல் மகாராஷ்டிராவின் மகாட் நகரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சவதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் குடிக்கக் கூடாது என்பதுதான் அந்தக் குளத்தின் வழக்கம். மதுரைக்காரர்களான நமக்கு 1939 ஜூலை 8 தெரியும். வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள். கோயில் நுழைவு பாடப் புத்தகத்தில் வருகிறது. கடை நுழைவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் மறக்கவில்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். மதம், சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களின் பட்டியல் ஒன்று வரும். அதில் முதலில் இருப்பதே கடைதான்! அதன் பிறகுதான் உணவகம், கிணறு, குளம், சாலை எல்லாம். கடையில் தீண்டாமை பார்ப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1955-ல் வந்தது.

இனி அந்த "உள்ளே"வுக்கு வருவோம். 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய்ப் பொருளை எடுத்துக்கொள்ளும் முறை அதில்தான் பெரிய அளவில் தொடங்கியது. சென்னையில் ஃபுட்வேர்ல்டு 1996-ல் வந்தது. பலகை போனது, அலமாரிக்கு நடுவே நாம் நடக்க ஆரம்பித்தோம். நம்மோடு நம் நாயும் வரலாமா என்ற கேள்வி அதன் பிறகு வந்ததுதான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி உணவுப் பொருள் கையாளும் இடத்துக்குள் விலங்கு, பறவை, செல்லப் பிராணிகளை விடக் கூடாது. துணிக்கடை, செருப்புக்கடை என்றால் அது முதலாளியின் விருப்பம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 2024-ல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. அதில் பெரும்பகுதி தெருநாயாகவே இருக்கட்டும், அலமாரிக்கு நடுவே நாயைக் கண்டு ஒதுங்கும் பாட்டியிடம் "ஒண்ணும் செய்யாதுங்க" என்று சொன்னால் போதுமா?

ஒரே ஒரு விதிவிலக்கு வேண்டும். 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் பட்டி என்ற வழிகாட்டி நாயோடு அமெரிக்கா திரும்பினார். அவர் போன்றவர்கள் பல இடங்களில் வாசலிலேயே தடுக்கப்பட்டு, போராடி உள்ளே போனார்கள். 1990-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி அத்தகைய உதவி நாயைக் கடைக்காரர் தடுக்க முடியாது. செல்ல நாய்க்கு அந்த உரிமை இல்லை. ஏன்? அது நாயின் உரிமை அல்ல, அந்த மனிதரின் உரிமை. நாய் அவருக்குக் கண். நம் ஊரில் வழிகாட்டி நாயைப் பார்ப்பது அபூர்வம்தான். ஒருநாள் ஒருவர் வந்தால் நம் செக்யூரிட்டி வழிவிட வேண்டும்.

என் முடிவு இதுதான். மளிகைக் கடைக்குள் செல்ல நாய் வேண்டாம். வாசலில் நிழலும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கலாம், கோவிவன் பரம்பரைக்கு அது குறைச்சல் இல்லை. ஆனால் "எங்க பிள்ளையை உள்ள விடல" என்று நாய்க்காகச் சண்டை போடும் முன், அதே வார்த்தையைத் தன் சொந்தப் பிள்ளைக்காகச் சொல்ல முடியாமல் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை ஒரு நிமிடம் நினைப்போம். எங்கள் தாத்தா கடை இப்போது இல்லை. அந்தப் படி மட்டும் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் அதை மிதிக்க எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். உங்கள் ஊர்க் கடையில் யார் எங்கே நின்றார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.