தாய்வழியும் திருச்சபையும்: யாழ்ப்பாணக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தலைமுறைத் தொடர்ச்சி

யாழ்ப்பாணக் கிறிஸ்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிமாரின், போதகர்களின், கல்லூரி அதிபர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஞானஸ்நானம் பெற்ற ஒருவரின் நம்பிக்கை அவருடைய பேரப்பிள்ளைகளை எவ்வழியாகச் சென்றடைந்தது என்று வினவும்போதுதான், பிரசங்க மேடையை விட்டு வீட்டு விறாந்தைக்கு வரவேண்டியதாகிறது. பிள்ளைக்கு முதலெழுத்தையும் முதற் செபத்தையும் கற்பித்து, வீட்டையே ஒரு சிறு சபையாக நடத்துபவள் தாய் என்ற கருத்தையே பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்கள் கிறிஸ்தவத் தாய்மை எனப் போற்றின. இந்த இலட்சியம் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியமைக்குத் தாய்மாரின் பக்தி மட்டுமே காரணமன்று என்பதும், தேசவழமையின் சொத்துமுறை, மகள் தாய்வீட்டை அண்டி வாழும் வழக்கம், பெண்கள் விடுதிப் பாடசாலை ஆகிய மூன்றும் அப்பக்திக்குத் தாங்குதூண்களாக நின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இதனை ஆராய்வதற்குத் தொண்டைமானாற்றுச் சுற்றாடல் பொருத்தமான களமாகும். வடமராட்சியை வலிகாமத்திலிருந்து பிரிக்கும் நீரேரி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த இவ்வூர், செல்வச்சந்நிதி முருகன் கோயிலால் அறியப்படுவது. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் அக்கோயிலின் வழிபாடு, ஊரின் சைவ வாழ்வு எத்துணை ஆழமானது என்பதைக் காட்டப் போதுமானது. அதேவேளை அயலூரான உடுப்பிட்டியில் அமெரிக்க மிஷன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாடசாலைகளை நடத்தியது. பருத்தித்துறையில் மெதடிஸ்த மிஷன் நிலைகொண்டிருந்தது. இச்சுற்றாடலில் சைவ உறவினர் நடுவே சிறுபான்மையினராக வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, நம்பிக்கையைக் காப்பதும் உறவைக் காப்பதும் ஒரே வேளையில் செய்யவேண்டிய இரு கடமைகளாயின.

முதலாவது தூணாகிய தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம் ஆகும். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதனை 1706–1707 காலப்பகுதியில் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். அத்தொகுப்புச் சொத்தை மூன்றாக வகுக்கிறது: முன்னோர்வழி வருவது முதுசொம், மகளுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம், கணவனும் மனைவியும் மணவாழ்க்கையில் ஈட்டுவது தேடியதேட்டம். பண்டைய வழக்கில் தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதாக அத்தொகுப்பே கூறுகிறது. இவ்வழக்கத்தின் நடைமுறை விளைவு, வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து பேத்திக்கும் கைமாறியமையாகும். இரண்டாவது தூணாகிய தாய்வீட்டை அண்டி வாழும் வழக்கத்தின்படி மணமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்க, சகோதரிமார் அடுத்தடுத்த வளவுகளில் வாழ, பிள்ளைகள் அம்மம்மாவின் கண்முன்னே வளர்ந்தனர். தேசவழமை சமயத்தைப் பொறுத்ததன்று ஆகையால், ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தியது. எனவே கிறிஸ்தவளான ஒரு பாட்டியின் மாலைச் செபம் அவள் பெற்ற பிள்ளைகளோடு நில்லாமல், அதே முற்றத்தில் விளையாடிய பெண்வழிப் பேரப்பிள்ளைகளையும் இயல்பாக எட்டியது.

மூன்றாவது தூண் விடுதிப் பாடசாலை. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணிதொடங்கிய அமெரிக்க மிஷன், 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவி ஹரியற் வின்ஸ்லோவின் பொறுப்பில் விட்டது. அதே மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற இளைஞர் கல்வியறிவற்ற, கிறிஸ்தவரல்லாத பெண்களை மணந்தால் அடுத்த தலைமுறை கைநழுவிவிடும் என்ற கணிப்பு இம்முயற்சிக்கு ஒரு காரணமாயிருந்தது. தொடக்கத்தில் பெற்றோர் பெண்களை அனுப்பத் தயங்கியதால், உணவும் உடையும் அளித்ததோடு, கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்குச் சிறு சீதனமும் மிஷன் வழங்கியது. இதன் பொருள் ஆழமானது: தாய்வீடு செய்யவேண்டிய கடமையைப் பாடசாலை ஏற்றுக்கொண்டதன் மூலம், யாழ்ப்பாண வழக்கப்படியே அது மாணவிக்குத் தாய்வீட்டின் இடத்தைப் பெற்றது. 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கு பணியாற்றிய எலைசா அக்னியூ மணம் புரியாதவர். ஆயினும் மாணவிகளையும் பின்னர் அவர்களுடைய மகள்களையும் பேத்திகளையும் கற்பித்தமையால், ஆயிரம் மகள்களின் தாய் எனப் பெயர்பெற்றார். தாய்மை என்பது பேற்றோடு மட்டும் முடிவதன்று, தலைமுறைகளை ஒரே வாசலில் வரவேற்பதாலும் அமைவது என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகும்.

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. விடுதிப் பாடசாலை உறவைக் காக்கவில்லை, முதலில் அறுத்தது என்பதே அம்மறுப்பு. பெண்கள் கல்வி முடியும்வரை அல்லது திருமணம்வரை வீட்டிலிருந்து பிரிந்திருந்தனர். அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் மாணவர்க்கு இடப்பட்டதால் பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கும் மரபும் சில வீடுகளில் தடைப்பட்டது. மிஷனரி பீற்றர் பேர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கியமைக்கு, குடும்பமும் சமயமும் மிஷன் பாடசாலையால் பிளவுறும் என்ற கவலை அடிப்படையாயிருந்தது. 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரி தோன்றியபோது, தாய்மாரே சமயத்தைக் கடத்துபவர் என்ற மிஷனின் கருத்தைச் சைவரும் தம்முடையதாக்கிக்கொண்டனர் எனலாம். எனவே அம்மறுப்பு பிளவு நேர்ந்ததைச் சரியாகவே சுட்டுகிறது; ஆனால் அப்பிளவு நிலைக்காமற் போனதை அதனால் விளக்க இயலவில்லை.

பிளவு நிலைக்காமைக்கு மணவுறவும் மனைச்சடங்குமே காரணம். சமயம் மாறிய குடும்பங்களும் பெரும்பாலும் தம் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சாதியைக் கடக்கத் தவறிய திருச்சபையின் குறையை மறைக்காமலே, சைவ உறவினரோடு தொடர்பு அறாதிருந்ததும் இதனால்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மணமகள் கூறைச்சேலை உடுத்து, புறா அல்லது சிலுவை பொறித்த தாலியை அணிகிறாள்: கொடியும் முடிச்சும் ஊர்வழக்கு, தொங்கும் பொன்னில் உள்ள குறி மட்டுமே சபையினுடையது. மரணத்தின் முப்பத்தோராம் நாளும் அவ்வாறே. சைவ வீட்டில் அந்தியேட்டி நிகழும் அந்நாளில் கிறிஸ்தவ வீட்டில் நினைவுச் செபம் நடைபெற, இருசாராரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். எந்த உறவினருக்கு முதலில் சொல்லியனுப்புவது, எந்த வீட்டுக்கு மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாகாது, யாருடைய மனத்தாங்கலை இச்சமயத்திலே தீர்ப்பது என்பவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்கள் வீட்டின் மூத்த பெண்களே.

இவ்வமைப்பின் வலிமை, ஆண்கள் ஊரைவிட்டு வெளியேறிய காலத்தில் வெளிப்பட்டது. எடுத்துக்காட்டாக, அரசியல் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் (1898–1977) மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். தந்தை மலாயாவிலேயே தொழில் நடத்த, தாய் ஹரியற் அன்னம்மா பிள்ளைகளின் கல்விக்காக அவர்களோடு தெல்லிப்பழைக்குத் திரும்பினார். மிஷன் தந்த பெயரும் வீட்டுப் பெயரும் அத்தாயிடம் அருகருகே நின்றதைப்போல, சபையும் உறவும் அச்சிறுவனின் வளர்ப்பில் இணைந்திருந்தன. கிறிஸ்தவரான அவரைப் பின்னாளில் சைவப் பெரும்பான்மையினரான வடபுல வாக்காளர் தந்தை செல்வா என ஏற்றதற்கு அரசியற் காரணங்கள் பல. பிற சமய உறவுகளோடு இயல்பாக வாழப் பழகிய இவ்வளர்ப்பையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தூண்கள் சரிந்தன. 1987இன் வடமராட்சிப் போர் நடவடிக்கையும், 1990இல் பலாலியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தமையும், 1995இன் பெரும் இடப்பெயர்வும் சீதன வீடுகளைப் பாழாக்கின அல்லது எட்டாத் தொலைவில் வைத்தன. இன்று தாய் வடமராட்சியிலும் மகள்மார் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் குடும்பங்களில், தொலைபேசி வழிச் செபமும் திருமணத்துக்கான பயணமுமே எஞ்சியுள்ளன. அம்மம்மாவின் தமிழ் விளங்காத பேரப்பிள்ளைக்கு அவளுடைய செபமும் விளங்காது. இந்நிலையில், பிள்ளைகள் ஆலயத்துக்கு வாராமைக்குத் தாய்மாரின் பக்திக்குறைவே காரணம் எனப் பிரசங்கிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாத குற்றச்சாட்டாகும். முன்னைய தாய்க்கு வளவும் சகோதரிமாரும் பாடசாலையும் துணைநின்றன. இன்றைய தாய் இவற்றுள் ஒன்றுமின்றி, வேலைக்கும் சென்று, அதே கடமையைத் தனியே சுமக்கிறாள்.

ஆகவே தலைமுறைத் தொடர்ச்சியை விரும்பும் திருச்சபை, தாய்மாருக்கு அறிவுரை கூறுவதோடு அமையாது, இழந்த தூண்களுக்கு ஈடு செய்தல் வேண்டும். முதியோரும் சிறுவரும் ஒன்றுகூடும் தமிழ் வகுப்புகளும், தந்தைமாரையும் பொறுப்பாளிகளாக்கும் குடும்ப ஆராதனையும், சைவ உறவினரை அந்நியராக்காத வழிபாட்டு ஒழுங்கும் அதற்கு இன்றியமையாதவை. யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவத் தாய்மை ஒருபோதும் தனியொருத்தியின் பணியாக இருந்ததில்லை. அதனை இனி அவள் ஒருத்தியின் கடமையாக்குவது நியாயமுமன்று, பயனுமன்று.