இரு அரசுகளின் ஒப்பந்தமும் பதுளைத் தோட்டங்களின் வாக்கும்

2022 ஜூலை 20 அன்று இலங்கையின் ஜனாதிபதியை மக்கள் தெரிவு செய்யவில்லை. நாடாளுமன்றம் தெரிவு செய்தது. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுரகுமார திசாநாயக்க 3 வாக்குகள் பெற்றனர். ஜனாதிபதிப் பதவி இடைநடுவில் வெற்றிடமானால், எஞ்சிய காலத்துக்கு நாடாளுமன்றமே ஒருவரைத் தெரிவு செய்யும் என்கிறது அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை. 1993இல் டி. பி. விஜேதுங்க தெரிவானதும் இவ்வாறே.

இத்தகைய தெரிவில் ஒரு சமூகத்தின் பலம் என்பது அதன் ஆசனங்களின் எண்ணிக்கைதான். ஆசனங்களைத் தீர்மானிப்பது வாக்காளர் இடாப்பு. பசறை, ஹாலிஎல, அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டங்களில் அந்த இடாப்பில் யார் இருப்பது என்பதை இரு அரசுகள் பேசி முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. யாருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகள் தலைமன்னாரில் பிரிந்தன. 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பலவும் பின்னர் போரில் சிக்கின.

அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தம் எதிர்த்திசையிலும் செயற்படலாம். அமெரிக்காவில் ஜனாதிபதியைத் தெரிவு செய்வது 538 தேர்வாளர்கள். நாடு முழுவதும் அதிக மக்கள் வாக்குப் பெற்றவருக்கே தம் தேர்வாளர்களை வழங்குவதென அங்குள்ள மாநிலங்கள் சில தமக்குள் உடன்பாடு செய்துள்ளன. இணையும் மாநிலங்களின் தேர்வாளர் தொகை 270ஐ எட்டினால் அது நடைமுறைக்கு வரும்; 2024இல் மெயின் மாநிலம் இணைந்தபோது 209ஐ எட்டியது. அரசியலமைப்பைத் திருத்தாமலே எல்லோரது வாக்கையும் சமமாக்குவது அதன் நோக்கம். நமது ஒப்பந்தமோ வாக்காளர்களையே பங்கு போட்டது.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கின. அதன் பலனை 2020இல் காண முடிந்தது. பதுளை மாவட்டத்திலிருந்து வடிவேல் சுரேஷ், அ. அரவிந்தகுமார் ஆகிய இரு தமிழர் நாடாளுமன்றம் சென்றனர். ஆகவே 2022இல் ஜனாதிபதியைத் தெரிவு செய்த சபையில் ஊவாத் தோட்டங்களுக்கும் பிரதிநிதிகள் இருந்தனர். 1964இல் கப்பலேற்றத் தீர்மானிக்கப்பட்டவர்களும் இங்கேயே இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை இரண்டோடு நின்றிருக்குமா என்பதே மலையகம் இன்றும் கேட்கும் கேள்வி.