ஐ.எஸ்.டி.என். இணைப்பு: கொப்பியில் எழுதி வைத்த ஒரு பக்கம்

யேர்மனியில் எங்கள் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, 1998இல் நான் எழுதிய கொப்பி ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு பக்கம் முழுவதும் இலக்கங்கள். ஐ.எஸ்.டி.என். இணைப்பைக் கணினியில் பூட்டுவதற்குச் சேகரித்த விபரங்கள் அவை. தெரிந்த தமிழ் வீடுகள் சிலவற்றிலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பூட்டிக் கொடுத்தேன்.

இங்கு ஐ.எஸ்.டி.என். 1989இல் பாவனைக்கு வந்தது. சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே 64 கிலோபிற் வேகத்தில் இரண்டு 'பி' சனல்களும், அழைப்புச் சமிக்ஞைகளுக்கு 16 கிலோபிற் 'டி' சனல் ஒன்றும் கிடைத்தன. ஒரு சனலில் இணையம், மற்றதில் தொலைபேசி. ஊரில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் இதை எடுத்ததற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. மொடெம் வைத்திருந்தவர் இணையத்தில் செய்தி வாசித்தால், ஊரிலிருந்து எடுப்பவருக்கு லைன் கிடைக்காது.

முதலில் குறிக்க வேண்டியது இணைப்பின் வகை. பழைய யேர்மன் முறை 1டிஆர்6. பிறகு வந்தது டி.எஸ்.எஸ்.1 எனும் ஐரோப்பிய முறை. கார்ட்டின் மென்பொருளில் இதைப் பிழையாகத் தெரிவு செய்தால் அழைப்பே போகாது.

அடுத்தது எம்.எஸ்.என். எனப்படும் தொலைபேசி இலக்கங்கள். வழக்கமாக மூன்று தருவார்கள். யேர்மனியில் இவற்றை ஊர்க்குறி இலக்கம் இல்லாமல் எழுத வேண்டும். பலர் பிழைவிட்டது இங்கேதான். கணினிக்கு ஒரு இலக்கத்தை ஒதுக்காமல் விட்டால், அதிலுள்ள ஃபக்ஸ் மென்பொருள் வீட்டுக்கு வரும் அழைப்பை முந்திக்கொண்டு எடுத்துவிடும். அம்மா 'ஹலோ, ஹலோ' என்பார். இங்கே ஃபக்ஸ் கீச்சிடும்.

மூன்றாவது, இணையச் சேவையின் விபரங்கள். ரி-ஒன்லைன் என்றால் அழைக்கும் இலக்கம் 0191011. பாவனையாளர் பெயரும் நீண்ட இலக்கக் கோவைதான்: 12 இலக்க இணைப்புக் குறி, அதனுடன் ரி-ஒன்லைன் இலக்கம், இறுதியில் 0001. நடு இலக்கம் 12 இலக்கங்களிலும் குறைவாக இருந்தால், அதற்குப் பின்னால் தொலைபேசியில் பூச்சியத்துக்கு வலப்பக்கம் உள்ள வேலிக் குறியைப் போட வேண்டும். எல்லாம் தபாலில் வரும் ஒரே கடிதத்தில் இருக்கும். அதைத் தொலைத்தால் மறுகடிதம் வரும்வரை இருக்க வேண்டியதுதான். ஐ.பி. முகவரியும் டி.என்.எஸ்.உம் இணையும்போது தானாகவே வரும்.

பழைய ஐ.எஸ்.ஏ. கார்ட் என்றால் ஐ.ஆர்.கியூ. இலக்கமும் தேவை. 5ஐப் பெரும்பாலும் சவுண்ட் கார்ட் பிடித்திருக்கும். ஆகவே வெறுமையாக உள்ள வேறொன்றைத் தேடவேண்டும்.

கடைசி அமைப்பு, இரண்டு சனல்களையும் சேர்த்து 128 கிலோபிற் ஆக்குவது. ஒரு மெகாபைற் கோப்பு ஒரு சனலில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். இரண்டில் பாதி நேரம். ஆனால் நிமிடக் கட்டணம் இரட்டிப்பு. அழைப்பு வந்தால் ஒரு சனலை விட்டுவிடும் வசதி சில மென்பொருள்களில் இருந்தது. நான் அதை இயக்கவில்லை.

ஒரு ஞாயிறு, வன்னியிலிருந்து பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்திருந்த தம்பி, கொமினிக்கேசன் கடையில் நின்று எனக்கு எடுத்திருக்கிறான். நான் படங்கள் இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்று தரமும் 'பிஸி'. பாஸின் நேரம் முடிய அவன் திரும்பிவிட்டான். பிறகு கொழும்பிலிருந்த சித்தி சொல்லித்தான் தெரியும். அவனுடைய குரலைக் கேட்க இன்னும் ஐந்து மாதங்கள் சென்றன.

கொப்பியில் 'இரண்டு சனல்' என்ற வரிக்கு எதிரே, பிறகு சிவப்புப் பேனையால் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். மற்ற வீடுகளிலும் அப்படியே பூட்டினேன்.