மணிக்கட்டு நோயும் பரம்பரையும்

மணிக்கட்டில் எலும்புக்கும் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று உண்டு. அதில் நரம்பு நசுங்கினால் விரல்கள் மரத்துப்போகும்.

1913-இல் பாரிசில் பியேர் மரீ, ஷார்ல் ஃபுவா என்ற மருத்துவர்கள், 80 வயது நோயாளி ஒருவரின் கையை அவர் இறந்தபின் அறுத்துப் பார்த்து இதைக் கண்டார்கள். பட்டையை முன்பே வெட்டியிருந்தால் கை தப்பியிருக்கலாம் என்றும் எழுதினார்கள். (பள்ளியில் படித்த பிரெஞ்சு இதற்காவது உதவியது!) ஆனால் அமெரிக்காவின் ஃபேலன் 1950களில் எழுதிய பிறகே அந்த அறுவை பரவலாயிற்று.

குடும்பத்தில் வருமா? 2002-இல் இங்கிலாந்தில் இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்தவர்கள், பெண்களிடம் ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரைக்கே என்றார்கள். 2019-இல் இந்நோயோடு தொடர்புள்ள 16 இடங்கள் மரபணுத் தொகுதியில் அகப்பட்டன.

எனக்குப் பேனா பிடித்தே வந்தது என்றார்கள். பேனாவையே தொடாத என் அம்மாவும் இரவில் எழுந்து கையை உதறுவார். இப்போது மகளும் உதறுகிறாள்.